டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து தை பிறக்கும் வரை: கணக்குப் பார்த்து இலக்கு வைக்கும் முறை

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், டிசம்பர் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்காருவோம். ஆளுக்கொரு நோட்டு, நடுவில் ஒரு பிளாஸ்க் காபி. ஆறு வருஷமாக நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். உட்கார்ந்த உடனே முதல் பக்கத்தில் "அடுத்த வருஷம் நான்..." என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதி வேலை முடிந்த பிறகுதான் அந்தப் பக்கத்துக்கே வர வேண்டும். போன வருஷம் நடந்ததைப் பார்க்காமல், நேரம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாமல் எழுதினால், மூன்று வருஷமாக எழுதிய அதே நான்கு வரிதான் திரும்பவும் வரும்.

1. முதலில் தேதிகளைக் குறியுங்கள்

ஜனவரி 1 அன்று எதையும் தொடங்காதீர்கள். நம் வீடுகளில் ஜனவரியின் முதல் பாதி பொங்கலோடு போய்விடும். பத்து நாள் விடியற்காலையில் எழுந்து நடந்திருப்பீர்கள். பதினோராம் நாள் மூட்டை கட்டி சேலமோ மதுரையோ போனால் தூக்கமும் சாப்பாடும் வேறு. திரும்பி வரும்போது நடை விட்டுப்போயிருக்கும், கூடவே "என்னால் முடியாது" என்ற எண்ணமும் வந்து சேர்ந்திருக்கும்.

அதனால் மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25 முதல் 31 வரை, போன வருஷத்தைப் பார்ப்பது. ஜனவரி 1 முதல் போகி வரை வெள்ளோட்டம்: செய்து பார்க்கலாம், விட்டாலும் கணக்கில் வராது. காணும் பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய முதல் திங்கட்கிழமைதான் நிஜமான தொடக்கம். பொங்கல் டிக்கெட்டுக்காக 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குப் போனைக் கையில் பிடித்துக் காத்திருக்கத் தெரிந்த நமக்கு இந்த மூன்று தேதியைக் குறிப்பது பெரிய காரியமில்லை.

பணத்தைப் பற்றிய இலக்கு என்றால் மட்டும் ஏப்ரல் 1-இலிருந்து எண்ணுங்கள். வரிக்கணக்கும், பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்குப் போடக்கூடிய 1.5 லட்ச ரூபாய் வரம்பும் ஏப்ரல்–மார்ச் கணக்கில்தான் ஓடுகின்றன. ஜனவரியில் தொடங்கினால் ஒரே சேமிப்பு இரண்டு நிதியாண்டில் பாதி பாதியாக விழுந்து, எவ்வளவு சேர்ந்தது என்று உங்களுக்கே புரியாது.

2. முந்தைய நாளே எடுத்து வைக்க வேண்டியவை

பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட். போனில் உள்ள படங்கள். அலுவலக விடுப்புக் கணக்கு. வருஷத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் அவையும். ஒரு 100 பக்க நோட்டு. போன வருஷம் எழுதிய இலக்குத் தாள் எங்காவது கிடந்தால் அதையும் தேடி எடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

"முந்தைய நாளே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாடியில் உட்கார்ந்த பிறகு வங்கி ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்ட் மறந்து, ஓடிபி வராமல், முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதற்குள் காபியும் ஆறிவிடும், ஆர்வமும் வடிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் எழுத வேண்டாம். தட்டச்சு செய்தால் வரியை அழகுபடுத்தத் தோன்றும், அழகுபடுத்தும்போது உண்மை கொஞ்சம் நகர்ந்துவிடும். கையெழுத்தில் அடித்தது அடித்ததாகவே கிடக்கும். எதை முதலில் எழுதி, எதை அடித்தோம் என்பதும் பிறகு உதவும்.

3. மாதம் மாதமாக நடந்ததை எழுதுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். இரண்டு மணி நேரமாவது பிடிக்கும்.

ஜனவரியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் அரைப் பக்கம். நினைவிலிருந்து எழுதக்கூடாது. நினைவில் கடைசி இரண்டு மாதமும், ஒரு சண்டையும், ஒரு கல்யாணமும்தான் நிற்கும். முதலில் அந்த மாதத்துப் படங்களைத் தள்ளிப் பாருங்கள், எங்கே போனோம், யாரைப் பார்த்தோம் என்பது வந்துவிடும். பிறகு ஸ்டேட்மென்ட். நேரம் எங்கே போனது என்று தெரியாவிட்டாலும் பணம் எங்கே போனது என்பதை வைத்து அதைப் பிடித்துவிடலாம்.

எழுதும்போது ஒரே ஒரு விதி: நடந்ததை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள். "மார்ச்: சோம்பேறித்தனம்" என்பது தீர்ப்பு. "மார்ச்: நான்கு நாள் நடந்தேன்" என்பது நடந்தது.

என் கதையையே சொல்கிறேன். வீட்டில்தான் சமைக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மார்ச் மாத ஸ்டேட்மென்டில் சாப்பாட்டு ஆப்புக்கு 11 தடவை பணம் போயிருந்தது. என் சோம்பல்தான் காரணம் என்று எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த அக்கா, "தேதியைக் காலண்டர்ல வச்சுப் பாரு" என்றார். பதினொன்றில் எட்டு, செவ்வாயும் வியாழனும். நான் அலுவலகம் போக வேண்டிய நாள்கள் அவை. மெட்ரோவில் கே.ஆர். புரம் வந்து இறங்கி, டின் ஃபேக்டரி நெரிசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைய எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் யாருக்கு வெங்காயம் நறுக்க மனம் வரும்? நான் திருத்த வேண்டியிருந்தது என் குணத்தை அல்ல. திங்கள், புதன் இரவில் ஒரு குழம்பை வைத்துவிட்டால் போதும். தீர்ப்பு எழுதியிருந்தால் இந்த இரண்டு கிழமைகள் என் கண்ணில் பட்டிருக்காது.

4. மூன்று கேள்விகள்

பன்னிரண்டு அரைப் பக்கமும் முடிந்த பிறகு, அவற்றைப் படித்துக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டியவை:

எதைச் செய்த பிறகு மனசு லேசாக இருந்தது?

எதை மூன்று தடவைக்கு மேல் தள்ளிப்போட்டேன்?

எதை அடுத்தவருக்காகச் செய்தேன், அவருக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டதா?

முதல் இரண்டுக்கும் எல்லாரும் மளமளவென்று எழுதுவார்கள். மூன்றாவதில் மாடியே அமைதியாகிவிடும். மகளை ஒரு வருஷம் ஞாயிறுதோறும் ஒரு வகுப்புக்கு ஒயிட்ஃபீல்டு வரை கூட்டிப்போன ஒருவர், அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டார். "நீங்க ஆசைப்பட்டீங்கன்னுதான்பா வந்தேன்" என்றாளாம். இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்தது.

5. போகிப் பட்டியல்: முதலில் கழியுங்கள்

புதியதைச் சேர்ப்பதற்கு முன் பழையதைக் கழிக்க வேண்டும். நிரம்பி வழியும் அலமாரியில் புதுப் புடவைக்கு இடமிருக்காது. நோட்டில் ஒரு தனிப் பக்கம் எடுத்து "போகி" என்று தலைப்பிட்டு, அடுத்த வருஷம் செய்யப் போகாதவற்றை எழுதுங்கள். குறைந்தது ஐந்து.

எங்கள் பட்டியல்களில் அடிக்கடி வருபவை: பாதியில் நிற்கும் ஆன்லைன் வகுப்பு, குடியிருப்போர் சங்கத்தில் யாரும் ஏற்காததால் நம் தலையில் விழுந்த பொறுப்பு, முகதாட்சண்யத்துக்காகச் சேர்ந்த சீட்டு, வாட்ஸப் குழுக்கள். என் பட்டியலில் ஒரு வருஷம் ஜிம் இருந்தது. டிசம்பர் 30-ஆம் தேதி, "இன்றே கடைசி" என்ற சலுகையில் 12,000 ரூபாய் கட்டினேன். வருஷம் முழுக்கப் போனது ஒன்பது நாள். ஒரு தடவைக்கு 1,333 ரூபாய். அடுத்த டிசம்பரில் புதுப்பிக்கச் சொல்லி அங்கிருந்து போன் வந்தபோது, கட்டிவிட்டால் போவேன் என்ற பழைய நினைப்பு மறுபடி தலைதூக்கத்தான் செய்தது. நோட்டில் எழுதியிருந்ததால் தப்பித்தேன்.

கழிக்கக் கூடாததும் உண்டு. ஊரில் இருக்கும் அம்மாவுடன் தினமும் பேசும் அரை மணி நேரத்தை ஒரு தம்பி "நேர விரயம்" என்று இந்தப் பக்கத்தில் எழுதினான். நாங்கள் யாரும் விடவில்லை. சமையல் செய்துகொண்டே பேசு என்று சொல்லி அந்த வரியை அடிக்க வைத்தோம்.

6. மணிக்கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். அலுவலகம் ஐந்து நாளும் ஒன்பது மணி என்றால் 45. பெங்களூர் போக்குவரத்தில் போக வர நாளுக்கு இரண்டரை என்று வைத்தால் 12½. தூக்கம் ஏழு மணியாக 49. சமையல், குளியல், பிள்ளைகள் என்று நாளுக்கு நான்காக 28. வாரக் கடைசியில் காய்கறி, கோவில், உறவுக்காரர் வீடு என்று 8. கூட்டினால் 142½. மீதி 25½.

இந்த 25½-ஐப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது முழுசாகக் கிடைப்பதில்லை. இருபது நிமிஷம், பத்து நிமிஷம் என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். அதில் பாதி நேரம் களைத்துப்போய் இருப்போம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது வாரத்துக்கு எட்டு மணி நேரத்தை மட்டும் நம்பலாம் என்பது நான் கண்ட கணக்கு. கைக்குழந்தை உள்ளவர்கள் அதையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராக? ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால் எல்லாருமே குறைத்துத்தான் சொல்வோம். இதற்கு முன் அதே மாதிரி வேலை எவ்வளவு இழுத்தது என்பது தெரிந்திருந்தாலும், இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைப்போம். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைப் பற்றி எழுதி, இந்தப் பிழைக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். உங்கள் மேல் மட்டும் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

7. மூன்றுக்கு மேல் வேண்டாம்

இப்போதுதான் "அடுத்த வருஷம்" பக்கம். முதலில் மனசில் வருவதையெல்லாம் எழுதுங்கள், இருபது வந்தாலும் சரி. பிறகு மூன்றாவது படியின் பன்னிரண்டு மாதத்தோடு ஒப்பிட்டு, அதில் எங்குமே வேர் இல்லாதவற்றை அடியுங்கள். வருஷம் முழுக்க ஒரு தடவைகூடக் கிதாரைத் தொடாதவர், தொடவேண்டும் என்று தள்ளிக்கூடப் போடாதவர், "கிதார்" என்று எழுதினால் அது யாரோ ஒருவருடைய ரீல்ஸில் பார்த்த ஆசையாக இருக்கும்.

மிஞ்சியதில் மூன்று. அதில் ஒன்றாவது முடிகிற வேலையாக இருக்கட்டும்: ஒரு பரீட்சை, ஒரு கடன் அடைப்பு, பத்திரத்தில் ஒரு பெயர் மாற்றம். மூன்றுமே நடைப்பயிற்சி மாதிரி முடிவில்லாமல் தொடர்வதாக இருந்தால் "முடித்தேன்" என்று சொல்லவே வாய்ப்பில்லாமல் சலித்துவிடும்.

8. ஆசையைச் செய்யக்கூடிய வேலையாக உடையுங்கள்

எங்கள் கூட்டத்தில் வருஷா வருஷம் வரும் வரி: "கன்னடம் கத்துக்கணும்." பேச வரும், ஆட்டோவில் சண்டை போடும் அளவுக்கு வரும். ஆனால் படிக்க வராது. இந்த வரியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அது வருஷா வருஷம் வருகிறது.

உடைத்துப் பாருங்கள். கற்றது வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்? "டின் ஃபேக்டரி நிறுத்தத்தில் வரும் பஸ்ஸின் போர்டை யாரையும் கேட்காமல் படிப்பது" என்று ஒரு அக்கா எழுதினார். இது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய முடிவு. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

கன்னட எழுத்து 49: உயிர் 13, யோகவாகம் (அம், அஃ) 2, மெய் 34. வாரத்துக்கு ஏழு என்றால் ஏழு வாரம். தமிழர்களுக்கு இடிக்கும் இடம் எது என்பதும் தெரிந்ததே. நமக்கு 'க' ஒன்று. அங்கே அதே வரிசையில் நான்கு. 'ச', 'ட', 'த', 'ப' வரிசைகளிலும் அப்படியே. அதனால் அந்த வாரங்களில் ஏழை ஐந்தாகக் குறைத்து, மீதியை எளிதான வாரத்துக்குத் தள்ளினார். எழுத்துக்குப் பிறகு உயிர்மெய்க் குறிகளுக்கு நான்கு வாரம். அத்தோடு 'சிவாஜிநகர' என்று எழுதியிருப்பதைப் படித்துவிடலாம். ஆனால் 'ஹெப்பாள' படிக்க வராது, அதில் ஒரு ஒத்தெழுத்து, அதாவது சேர்ந்து வரும் மெய்யின் சின்ன வடிவம், எழுத்தின் காலடியில் தொங்கும். அந்த ஒத்தெழுத்துகளுக்கு இன்னும் நான்கு வாரம். ஜனவரி நடுவில் தொடங்கினால் மே ஆரம்பத்தில் முடியும். நாளுக்கு இருபது நிமிஷம், வாரம் ஐந்து நாள்: 100 நிமிஷம். எட்டு மணி நேரத்தில் அடங்குகிறது.

மூன்று இலக்கையும் இப்படி உடைத்துக் கூட்டிப் பாருங்கள். உடம்புக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதாவது ஐந்து நாள் அரை மணி நடை. கன்னடத்தோடு சேர்த்தால் 250 நிமிஷம். மூன்றாவதற்கு இரண்டு மணி. மொத்தம் ஆறேகால் மணிக்குள். மிச்சமிருப்பதை நிரப்பாதீர்கள், காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, முடிவை மட்டும் எழுதி வேலையை எழுதாமல் விடுவது. "ஆறு கிலோ குறைப்பேன்" என்பது உங்கள் கையில் முழுசாக இல்லை. "ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பேன்" என்பது இருக்கிறது.

9. எங்கே, எப்போது, எதற்குப் பிறகு

"தினமும் படிப்பேன்" என்பதைவிட "காலைக் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும், சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறப்பேன்" என்று எழுதினால் நடக்கும் வாய்ப்பு அதிகம். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது எப்படி உதவுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் நிறைய ஆராய்ந்திருக்கிறார். சாரம் இதுதான்: அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க ஆரம்பித்தால்தானே நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு தம்பி எங்களோடு உட்காருவான். அங்கே சுரங்கம் 2001-இல் மூடிய பிறகு வேலைக்காக இப்படி வந்துபோகிற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். துறைத் தேர்வுக்குப் படிக்க வேண்டும், "ரயில்ல நாலு மணி நேரம் இருக்குக்கா, அதுல படிச்சுடுவேன்" என்றான். முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருஷம் உட்கார்ந்து கேட்டோம். காலையில் ரயில் புறப்படுவதே அவன் ஏறும் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்துதான், அதனால் உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் கே.ஆர். புரத்தில் ஏறினால் ஒரு காலை ஊன்றவே இடமில்லை. ஆக, நான்கு மணி நேரம் என்று அவன் நினைத்தது உண்மையில் இரண்டு. அதிலும் கோலாருக்கே உரிய அரட்டைக் கூட்டம் பங்காரப்பேட்டையில் ஏறிவிடும். மிஞ்சியது ஏறியதிலிருந்து பங்காரப்பேட்டை வரைக்கும்தான். "மாரிக்குப்பத்தில் உட்கார்ந்ததும் புத்தகம், பங்காரப்பேட்டையில் மூடிவிடுவேன்" என்று எழுதினான். சின்ன நேரம்தான், ஆனால் தினமும் நடந்தது. தேர்வில் பாஸாகிவிட்டான்.

10. வீட்டில் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள்

உங்கள் நேரத்தை யார் விட்டுக்கொடுக்க வேண்டுமோ அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆறு மணிக்கு நான் நடக்கப் போனால் பாலைக் காய்ச்சுவது அத்தையா, வீட்டுக்காரரா என்பதை டிசம்பரிலேயே பேசிவிட வேண்டும். ஜனவரி மாதக் குளிரில், விடியற்காலையில், அடுப்படியில் நின்று பேசுகிற பேச்சல்ல இது. பொங்கலுக்குக் கூடும் சொந்தக்காரர்களிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். அடுத்த பொங்கலுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

11. காலண்டர் தாளில் குறியுங்கள்

ஆப்கள் வேண்டாம். ஊரிலிருந்து வரும் நாள் கிழிக்கும் காலண்டர் நம் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் முந்தைய நாள் செய்ததை ஒரு வரி எழுதி, கிளிப்பில் செருகுங்கள். "நடை 25. கன்னடம்: ட வரிசை. குழம்பு இல்லை." அவ்வளவுதான். தாள் சின்னது, கதை எழுத இடமில்லை. செய்யாத நாளிலும் தாளைச் செருகுங்கள். தாளே இல்லாமல் போனால் எத்தனை நாள் விட்டீர்கள் என்பது தெரியாது.

12. விட்ட நாளும், பார்க்கிற நாளும்

ஒரு பழக்கம் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். நம் பாட்டிகள் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் 18 முதல் 254 நாள் வரை. பாட்டிகள்தான் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். அதே ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை என்றும் தெரிந்தது. அதனால் ஒரு நாள் விட்டதற்காக அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். இரண்டாவது நாளும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜனவரி 17-ஐ ஒட்டித் தொடங்கினால் 66-ஆம் நாள் மார்ச் கடைசி வாரத்தில் விழும், யுகாதியும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். அந்த 66-ஆம் நாளுக்கு அடுத்த ஞாயிறு மறுபடி மாடியில் கூடுவோம். தாள் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு இலக்குக்கும் நான்கு வழியில் ஒன்று: இப்படியே தொடர்வது, அளவைக் குறைப்பது, நேரத்தை மாற்றுவது, போகிப் பக்கத்துக்கு அனுப்புவது. குறைப்பதில் வெட்கம் பார்க்க வேண்டாம். வாரம் ஐந்து நாள் என்று எழுதிய நடை, தாள்களில் மூன்று நாளாகவே இருந்தால், மூன்று என்று திருத்தி எழுதுங்கள். பணத்தைப் பற்றியதை ஏப்ரல் 1-க்குள் முடிவு செய்ய வேண்டும் என்பதால் அதை முதலில் எடுங்கள். பிபிஎஃப்-இல் போடுகிறவர்கள் மாதம் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாதத்து வட்டி அந்தத் தொகைக்கும் சேரும், சம்பளத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது சரியாக வராததைச் சித்திரை 1 அன்று மறுபடி தொடங்கலாம். பெங்களூரில் இருப்பதில் இது ஒரு வசதி: ஜனவரி, யுகாதி, சித்திரை என்று வருஷத்துக்கு மூன்று புத்தாண்டு. என் கன்னட 'ட' வரிசை மூன்றாவதில்தான் உருப்பட்டது.